ராக் அண்ட் ரோல் தமிழ் பேசிய காலம்... யார் இந்த சந்திரபாபு? 50 வருஷம் தாண்டியும் மேடைகளில் அவர் பாட்டு ஒலிப்பது ஏன்?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ஆடி மாசக் கோயில் திருவிழா என்றால் லைட் மியூசிக் இல்லாமல் முடியாது. முதலில் பக்திப் பாட்டு. அடுத்து எம்.ஜி.ஆர்., சிவாஜி பாட்டு. அதற்கப்புறம் இளையராஜா. இடையில் எங்கேயோ ஒரு இடத்தில், தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு ஒருத்தர் மேடைக்கு வருவார். பாட்டு தொடங்கியதுமே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முகம் மாறிவிடும்.

கூட்டத்தில் இருக்கும் சின்னப் பசங்களுக்கு பாட்டு தெரியும். ரீல்ஸில் கேட்டிருப்பார்கள். பாடியது யாரென்று கேட்டால் பலருக்கும் தெரியாது.

அவர்தான் ஜே.பி.சந்திரபாபு. இறந்து 50 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நகைச்சுவை நடிகர் என்றுதான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். குடியால் வீழ்ந்தவர், திமிரால் வாய்ப்பை இழந்தவர் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் 'ராக் ஸ்டார்' என்ற வார்த்தை இங்கே புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அந்த வேலையைத் தமிழில் செய்துகாட்டிய ஆள் அவர்தான். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

தூத்துக்குடி டூ கொழும்பு

1927 ஆகஸ்ட் மாதம் தூத்துக்குடியில் பிறந்தவர் சந்திரபாபு. முழுப் பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ். தூத்துக்குடி பனிமய மாதாவின் அருளால் கிடைத்த பிள்ளை என்று பெற்றோர் நம்பியதால் அந்தப் பெயர். 'ரோட்ரிக்ஸ்' எப்படி வந்தது? 16-ம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் விட்டுச்சென்ற பெயர்களில் அதுவும் ஒன்று. அந்தக் கடற்கரையில் இன்றும் இப்படிப்பட்ட பெயர்களைக் கேட்கலாம்.

அப்பா ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்ட வீரர். 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். பிரிட்டிஷ் அரசு அந்தப் பத்திரிகையை முடக்கியது. அவர் சிறைக்குப் போய் வந்த பிறகு, குடும்பம் இலங்கைக்குப் போக வேண்டியதாயிற்று. சந்திரபாபு வளர்ந்ததும் படித்ததும் கொழும்பில்தான்.

இங்கேதான் கதையின் முக்கியமான முடிச்சு இருக்கிறது. கொழும்பு ஒரு துறைமுக நகரம். ஆங்கிலப் பாட்டு, மேற்கத்திய நடனம், போர்ச்சுகீசியர் வழியாக வந்த பைலா தாளம் எல்லாம் கலந்து கிடந்த ஊர். தேவாலயப் பாட்டும் கிராமபோன் இசையும் கேட்டு வளர்ந்த பையனின் காது, மெட்ராஸில் வளர்ந்த பையன்களின் காதைப் போல இருக்க வாய்ப்பே இல்லை.

1943-ல் குடும்பம் மெட்ராஸ் திரும்பியது. திருவல்லிக்கேணியில் குடியேறினார்கள். பையனுக்கு சினிமா ஆசை பிடித்துக்கொண்டது.

1952-ல் நடந்தது என்ன?

1947-ல் வெளிவந்த 'தன அமராவதி'தான் முதல் படம். ஆனால் அதற்கப்புறம் கதவுகள் லேசில் திறக்கவில்லை. ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அலைந்தார்.

1952-ல், ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசனைச் சந்திக்க வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில், அந்த ஸ்டூடியோவிலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். வழக்கு, நீதிமன்றம் என்று போய், எச்சரிக்கையோடு விடுவிக்கப்பட்டார். பிறகு அதே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால், 104 அல்லது 14416 என்ற எண்ணை அழைத்து இலவச ஆலோசனை பெறலாம்.)

சினிமாவில் இதை 'விடாமுயற்சி' கதையாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அது கொண்டாட வேண்டிய விஷயம் இல்லை. தான் கவனிக்கப்பட வேண்டும் என்ற தவிப்பு அந்த இளைஞனை எவ்வளவு ஆழமாகப் பிடித்திருந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது. மேடையில் அவரைத் தூக்கி நிறுத்தியதும், பின்னால் கீழே தள்ளியதும் அந்தத் தவிப்புதான்.

எல்விஸுக்கு அதே வருஷம்!

1954-ல் ஏவி.எம். தயாரித்த 'பெண்' படம் வெளிவந்தது. இசை ஆர்.சுதர்சனம். அதில் கல்யாண ஆசையைச் சொல்லும் ஒரு துள்ளல் பாட்டு. திரையில் வாயசைப்பவர் வீணை எஸ்.பாலசந்தர். பின்னால் ஒலிக்கும் குரல் சந்திரபாபுவுடையது.

அந்த 1954-ம் வருஷத்தை உலக வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தது அதே வருஷம். ராக் அண்ட் ரோல் என்ற அலையே அப்போதுதான் கிளம்பியது. பீட்டில்ஸின் முதல் ஹிட் வர இன்னும் எட்டு வருஷம் இருந்தது.

எல்விஸைப் பார்த்து சந்திரபாபு பாடினார் என்பதல்ல இதன் அர்த்தம். எல்விஸ் பேர் இங்கே தெரிவதற்கு முன்பே அவர் அந்தத் துள்ளலைத் தமிழில் பாடிக்கொண்டிருந்தார் என்பதுதான் விஷயம்.

மேற்கத்திய இசை மெட்ராஸுக்குப் புதுசு இல்லை. பரங்கிமலை, பல்லாவரம், பெரம்பூர் பகுதிகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிட்டாரும் பியானோவும் சாதாரணம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்றால் பேண்ட் வாசிப்பும் நடனமும் உண்டு. ஆனால் அதெல்லாம் இங்கிலீஷில், ஹால் கதவுக்கு உள்ளே நடந்தது. வெளியே ரோட்டில் நின்றவனுக்கு அதில் இடமில்லை. அந்த இசையைத் தூக்கிவந்து, டூரிங் டாக்கீஸில் மண் தரையில் உட்கார்ந்து படம் பார்த்தவனுக்குத் தமிழில் கொடுத்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர் சந்திரபாபு.

யோடலிங்னா என்ன?

சந்திரபாபு பாட்டுகளில் திடீரென்று குரல் உடைந்து மேலே போய், உடனே கீழே இறங்கும். வார்த்தையே இருக்காது. வெறும் ஒலி. அதுதான் யோடலிங்.

நெஞ்சிலிருந்து வரும் கனமான குரலுக்கும், தலைக்குள் ஒலிக்கும் மெல்லிய கள்ளக்குரலுக்கும் இடையே சட்டென்று மாறி மாறித் தாவுவதுதான் இதன் நுட்பம். ஆல்ப்ஸ் மலையில் மேய்ப்பர்கள் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் குரல் கொடுக்கப் பயன்படுத்திய முறை இது. பிறகு அமெரிக்க நாட்டுப்புற இசைக்குள் போய், இசைத்தட்டு வழியாக உலகம் சுற்றியது. இந்தியில் இதற்குப் பேர் வாங்கியவர் கிஷோர் குமார். தமிழில் சந்திரபாபு.

கேட்க ஈஸியாக இருக்கும். பாடிப் பார்த்தால்தான் தெரியும். தாவும்போது சுருதி கொஞ்சம் பிசகினாலும் கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சந்திரபாபு பாடும்போதும் சிரித்தார்கள். ஆனால் அது அவர் விரும்பிய இடத்தில், விரும்பிய மாதிரி.

அப்போ ரெக்கார்டிங்கே ஒரு கச்சேரிதான்

இன்றைக்கு ஒரு பாட்டை வரி வரியாக, ஏன், வார்த்தை வார்த்தையாகக்கூடப் பதிவு செய்யலாம். சுருதி விலகினால் கம்ப்யூட்டர் சரி செய்துவிடும். 1950-களில் அந்த வசதி கிடையாது. பாடகர், வயலின்காரர்கள், டிரம்பெட், டிரம்ஸ், தபேலா எல்லோரும் ஒரே அறையில். ஒருத்தர் தப்பு செய்தால் முதலிலிருந்து திரும்ப வாசிக்க வேண்டும்.

அதாவது, நாம் இப்போது யூடியூபில் கேட்கும் சந்திரபாபு பாட்டு ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு நேரடிக் கச்சேரி. அந்தக் குரலில் இருக்கும் மூச்சும் சிரிப்பும் நடுவில் வரும் குறும்பும் எடிட்டிங்கில் வந்தவை அல்ல.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்துப் பெரிய நடிகர்களுக்கு டி.எம்.எஸ்., பி.பி.ஸ்ரீனிவாஸ், சீர்காழி கோவிந்தராஜன் என்று பின்னணிப் பாடகர்கள் இருந்தார்கள். சந்திரபாபு தன் பாட்டைத் தானே பாடினார், தானே ஆடினார். வழுக்கி விழுவது, சுழல்வது, காலை இழுத்து நடப்பது எல்லாம் பாட்டின் தாளத்தோடு ஒட்டி வந்தன. குரலும் உடம்பும் ஒரே ஆளுடையது என்பதால்தான் மிமிக்ரி கலைஞர்களுக்கு இன்றும் அவர் சவாலாக இருக்கிறார்.

உச்சத்தில் சந்திரபாபு

1955-ல் 'குலேபகாவலி', 1957-ல் 'புதுமைப்பித்தன்', 1958-ல் 'நாடோடி மன்னன்' என்று வரிசையாகப் படங்கள்.

1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வில் சிவாஜியோடு சரிக்குச் சரி நின்றார். இரட்டை வேடம். ஒருவர் ரிக்‌ஷாக்காரர். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர் மெட்ராஸ் பாஷையை அப்படிப் பேசினார். பின்னர் இந்தப் படம் இந்தியில் 'தில் தேரா தீவானா'வாக மாறியபோது, சந்திரபாபு வேடத்தில் நடித்தவர் மெஹ்மூத். அந்த நடிப்புக்கு அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது.

1959-ல் 'சகோதரி'. படம் எடுத்து முடித்தபோது ஏதோ குறைகிறது என்று ஏவி.மெய்யப்பனுக்குத் தோன்ற, சந்திரபாபுவின் பால்காரர் காமெடியைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள் என்பது கோடம்பாக்கத்தில் பிரபலமான கதை. படம் ஓடியது. பால்காரர் பாட்டு படத்தையும் தாண்டி ஓடியது.

ஜனாதிபதி மாளிகையில் நடந்த சம்பவம்

சந்திரபாபுவைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதை இது. 1965 போர்ச் சமயத்தில் ராணுவ வீரர்களை உற்சாகப்படுத்தத் தமிழ்த் திரைக்கலைஞர்கள் குழு ஒன்று வடக்கே போனது. டெல்லியில் அப்போதைய ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் முன்பும் கலைஞர்கள் பாடினார்கள். 'கவலை இல்லாத மனிதன்' படத்தின் தத்துவப் பாட்டை சந்திரபாபு பாட, ஜனாதிபதி மனம்விட்டுப் பாராட்டினார். அந்தச் சந்தோஷத்தில் சந்திரபாபு ஓடிப்போய் அவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். சுற்றி நின்றவர்கள் பதறிப்போக, ராதாகிருஷ்ணன் கோபப்படவில்லை என்கிறார்கள்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள். பெரிய ஆள், சின்ன ஆள் என்ற கணக்கு சந்திரபாபுவுக்கு வராது. மேடையில் அது அழகு. தொழிலில் அதுவே ஆபத்தானது.

சறுக்கல் எங்கே தொடங்கியது?

மூன்று படங்களைச் சொல்லலாம்.

முதலாவது, 'கவலை இல்லாத மனிதன்' (1960). கவிஞர் கண்ணதாசன் தயாரிப்பு, சந்திரபாபு கதாநாயகன். பாட்டெல்லாம் ஹிட், படம் தோல்வி. கண்ணதாசனுக்குப் பெரும் கடன். படப்பிடிப்புக்கு சந்திரபாபு சரியாக ஒத்துழைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. இதில் அவர் மீது தப்பே இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, 'மாடி வீட்டு ஏழை'. எம்.ஜி.ஆரை வைத்துத் தானே தயாரித்து இயக்கத் தொடங்கிய படம். சில நாள் படப்பிடிப்போடு நின்றுபோனது. கால்ஷீட் கிடைக்காததுதான் காரணம் என்பது சந்திரபாபு பக்க நியாயம். பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் அவர் காட்டிய கோபமே காரணம் என்பது இன்னொரு தரப்பு. எப்படி இருந்தாலும் பணம் போனது அவருக்குத்தான்.

மூன்றாவது, 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966). சந்திரபாபு இயக்கி நடித்த படம். நாயகி சாவித்திரி. இசை டி.கே.ராமமூர்த்தி. இதுவும் வசூலில் கைகொடுக்கவில்லை.

கிரீன்வேஸ் சாலை அருகே கேசவப்பெருமாள்புரத்தில் கனவு வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கியிருந்தார். கார் நேராக முதல் மாடிக்கே ஏறிப்போகிற மாதிரி சரிவுப் பாதையோடு திட்டமிட்ட வீடு அது. கடனில் அதுவும் கைவிட்டுப் போனது. படத்துக்கு 'மாடி வீட்டு ஏழை' என்று பேர் வைத்தவரின் வாழ்க்கையும் அப்படியே ஆனது.

இதற்கு நடுவில் 1958-ல் நடந்த திருமணமும் நிலைக்கவில்லை. மனைவிக்கு முன்பே ஒரு காதல் இருந்தது தெரிந்ததும், அவரை அந்த வாழ்க்கைக்கே அனுப்பிவைத்தார் என்று திரையுலகில் சொல்வார்கள். 1981-ல் வந்த பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' கதைக்கு இந்தச் சம்பவமே பொறி என்பதும் பரவலாகப் பேசப்படும் ஒன்று. தனிமையும் குடியும் சேர்ந்துகொண்டன.

பிற்பாடு 'பறக்கும் பாவை', 'அடிமைப் பெண்' ஆகிய எம்.ஜி.ஆர். படங்களிலும், சிவாஜியின் 'ராஜா'விலும் நடித்தார். பழைய சந்திரபாபு அங்கங்கே எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான்.

கடைசியில் கூட நின்றவர் யார்?

இளைஞனாக வாய்ப்புக் கேட்டுப் போன சந்திரபாபு, இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் முன்னால் பாடிக் காட்டினாராம். இவருக்குப் பாட வரவில்லை என்று அங்கே சொன்ன உதவியாளர் யார் தெரியுமா? எம்.எஸ்.விஸ்வநாதன்! பின்னாளில் அதே எம்.எஸ்.வி.தான் சந்திரபாபுவின் உயிர் நண்பர். ராமமூர்த்தியோடு சேர்ந்து அவருக்கு மறக்க முடியாத பாட்டுகளையும் கொடுத்தார்.

கடைசி நாட்களில், கையில் காசில்லாத சந்திரபாபுவுக்கு எம்.எஸ்.வி.யின் வீடு எப்போதும் திறந்திருந்தது. 1974 மார்ச் 8-ம் தேதி சந்திரபாபு இறந்தார். வயது 46. அவர் விரும்பியபடியே உடல் எம்.எஸ்.வி. வீட்டில் வைக்கப்பட்டு, பிறகு அடக்கம் செய்யப்பட்டது. சாந்தோம் அருகே குவிபிள் தீவு கல்லறைத் தோட்டத்தில் அவர் உறங்குகிறார்.

அப்படியானால் இன்னும் ஏன் அந்தப் பாட்டு?

சந்திரபாபு இறந்த 1970-களில்தான் தமிழ்நாட்டில் மெல்லிசைக் குழுக்கள் வேகம் எடுத்தன. இளையராஜா சகோதரர்களின் 'பாவலர் பிரதர்ஸ்', ஏ.வி.ரமணனின் 'மியூசியானோ' என்று பெரிய பேர்கள். அவர்களுக்குப் பின்னால், ஊருக்கு ஊர், ஏரியாவுக்கு ஏரியா குழுக்கள். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, காலேஜ் ஆண்டு விழா. தென்சென்னைப் புறநகரில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு 'லைவ் மியூசிக்' என்றால் அதுதான். டிக்கெட் கிடையாது. நாற்காலி கிடைத்தால் லாபம்.

அந்த மேடைகளில் சந்திரபாபு பாட்டுக்கு நிரந்தர இடம் கிடைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சோகப் பாட்டைப் பாடினால் கூட்டம் அமைதியாகிவிடும். காதல் பாட்டைப் பாடினால் இளைஞர்கள் மட்டும் விசிலடிப்பார்கள். சந்திரபாபு பாட்டு வந்தால் ஆறு வயசுக் குழந்தையும் எழுந்து ஆடும், அறுபது வயசுத் தாத்தாவும் தொடையில் தாளம் போடுவார். டிரம்மருக்கும் கிட்டார்காரருக்கும் கை நிறைய வேலை இருக்கும். பாடுகிறவர் வெறுமனே நின்று பாட முடியாது, நடித்தே ஆகவேண்டும். மேடைக்கென்றே பிறந்த பாட்டு.

இன்றைக்கு தென்சென்னையில் லைவ் ஷோ என்றால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், ஈ.சி.ஆர். அரங்கம், ஆயிரக்கணக்கில் டிக்கெட், எல்.இ.டி. திரை. பாடகர் மேடையில் ஓடுகிறார், ஆடுகிறார், கூட்டத்தோடு பேசுகிறார், குரலை வைத்து விளையாடுகிறார். இதையெல்லாம் 70 வருஷத்துக்கு முன்பே ஒரே மைக் முன்னால் செய்தவர் தன் கடைசிக் காலத்தில் வாடகை வீட்டுக்கும் திண்டாடினார்.

அவரது வாழ்க்கையைக் குடிக்கும் திமிருக்கும் எதிரான எச்சரிக்கையாகச் சொல்பவர்கள் இருக்கலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் கடன் தீர்ந்தது, சண்டை மறந்தது, கனவு வீடு கைமாறியது. பாட்டு மட்டும் கைமாறவில்லை. 2027 ஆகஸ்டில் சந்திரபாபு பிறந்து 100 வருஷம் நிறைகிறது.

முதல்முறை கேட்பவர்களுக்கு... இந்த 5 படங்களில் தொடங்கலாம்:

* 'பெண்' (1954): திரையில் எஸ்.பாலசந்தர், குரல் சந்திரபாபு. துள்ளலின் ஆரம்பம்.

* 'மரகதம்' (1959): ஜமுனா ராணியோடு பாடிய டூயட். எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. கச்சேரிகளில் இன்றும் நேயர் விருப்பம்.

* 'சகோதரி' (1959): தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் பாட்டு. சிரிக்க வைத்துக்கொண்டே ஏமாற்றத்தைச் சொல்லும்.

* 'கவலை இல்லாத மனிதன்' (1960): பிறப்பு முதல் மனித வாழ்க்கையைச் சொல்லும் தத்துவப் பாட்டு. ஜனாதிபதி முன் பாடியதாகச் சொல்லப்படுவது இதுதான்.

* 'அன்னை' (1962): புத்திசாலித்தனமும் வெற்றியும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை என்று சொல்லும் பாட்டு. அவருடைய சொந்த வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு கேட்டால், கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கும்.